மறு: பறவைப் படத்தில் கோடு இழுத்துக் காட்டும் அடையாளத்துக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வேடந்தாங்கலுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கொக்குப் படத்தாள் பாதி வரைந்த நிலையில் மேசையில் கிடக்கிறது. ஒரு பறவை இனத்தைப் பக்கத்து இனத்திலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்துக்கு (ஆங்கிலத்தில் field mark) தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக அதன் தலைப்பில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> 'அங்க அடையாளம்' என்று பழகிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பழகிய சொல்தான், அதுதான் சிக்கலும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவது ஓர் ஆளை மற்ற ஆட்களிடமிருந்து பிரிக்க. புலியின் வரிகளும் அப்படித்தான். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது என்பதால் கணக்கெடுப்பில் தனிப் புலியை அதை வைத்துப் பிரிக்கிறார்கள். மாட்டின் சுழியும் அதே வகை. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: அந்த இனத்துப் பறவை எல்லாவற்றுக்கும் இருக்க வேண்டும், பக்கத்து இனத்துக்கு இருக்கக் கூடாது.

> அப்படியானால் 'இன அடையாளம்' என்று வைத்துவிடலாமே.

யாழ்ப்பாணத்து அண்ணர் "அது இஞ்ச அரசியல் சொல்லெல்லோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. இழையில் வந்த இன்னொரு சொல்லான 'இனக்குறி'யைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஏழாம் வகுப்புக்கு முன்னால் நின்று அதை வாசித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

> களக் கையேடு இருக்கிறது, எனவே 'களக்குறி'.

இதில்தான் எனக்கும் முதலில் மனம் போயிற்று. ஆனால் 'களக்குறிப்பு' ஏற்கெனவே குறிப்பேட்டில் எழுதுவதற்குப் பயன்படுகிறது. பன்மையில் 'களக்குறிகள்', 'களக்குறிப்புகள்' என்று வரும்போது அச்சுப்பிழை பார்ப்பவர் பாவம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. ஆங்கிலத்தில் 'களம்' (field) ஏன் ஒட்டிக்கொண்டது? முன்பெல்லாம் பறவையைச் சுட்டு, கையில் வைத்து, அலகையும் இறகையும் அளந்துதான் உறுதிப்படுத்துவார்கள். 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற பறவை ஓவியர் தம் களக் கையேட்டில் ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே நிற்பில் வரைந்து, பிரித்துக் காட்டும் இடத்துக்கு மட்டும் சிறு கோடு இழுத்தார். தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். ஆக, கருத்தின் உயிர் களத்தில் இல்லை, காண்பதில் இருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: காண்குறி. இனங்காண் குறி என்பதன் சுருக்கம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. கண்டு பிரிக்க உதவும் குறி.

கொக்குகளில் ஓட்டிப் பார்ப்போம். சின்ன வெண்கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல்கள். மஞ்சள் விரல் அருமையான காண்குறி, ஆனால் அது பெரும்பாலும் சேற்றுக்குள் இருக்கும். ஒளிப்படம் போடாமல் ஏன் வரைகிறாய் என்று கேட்டவருக்கும் இதுவே பதில். வெயிலில் எடுத்த வெள்ளைக் கொக்கு படத்தில் வெளிறிப் போகும், கால் தண்ணீரில் மறையும். வரைகிறவன் ஒரு காலைத் தூக்கி நிறுத்திவிடலாம்.

உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. கூடு கட்டும் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகோ அந்தக் காலத்தில் கறுத்துவிடும், இடை வெண்கொக்கின் அலகும் அப்படியே. அலகு நிறத்தை நம்பினால் ஏமாந்தோம். எப்போதும் கைகொடுப்பது வாயோரத்திலிருந்து பின்னால் ஓடும் கோடு: பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் போகும், இடைக்கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். ஆகவே அலகு நிறம் போலப் பருவத்தோடு மாறுவதைப் 'பருவக் காண்குறி' என்று பிரித்துச் சொல்லவும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. இழையில் வந்த 'கள அடையாள'த்தில் அதைச் செய்ய முயன்றேன், சொல்லின் வால் நீண்டுகொண்டே போயிற்று.

(குறுந்தொகையில் கபிலர், ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் குருகின் காலைத் தினைத்தாள் போலச் சிறிய பசுங்கால் என்கிறார். அந்தக் காலில் ஒரு கோடு இழுத்தால் போதும், காண்குறிதான். எந்தக் குருகு என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

ஒரு குறை உண்டு. குரலை வைத்துப் பிரிக்கும் பறவைகளுக்கு இச்சொல் உதவாது. படத்தாளில் குரலை வரைய முடியாது என்பதால் இப்போதைக்கு எனக்கு அது தொல்லை இல்லை.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அதோடு இன்னொன்று: மேலே சொன்ன அந்த வாயோரக் கோட்டுக்கு 'வாய்க்கோடு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். 'கடைவாய்க்கோடு' என்பது இன்னும் பொருந்துமோ? மை ஏற்றுவதற்கு முன் யாராவது சொன்னால் நல்லது.