எத்தனை தலைக்கட்டு? கலிஃபோர்னியாவின் லாக் ஊருக்குப் போனவர்கள் சொன்னது

வழிப்போக்கன்:
போன வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சாக்ரமென்டோவுக்குப் போகும்போது, நெடுஞ்சாலை வேண்டாமென்று சாக்ரமென்டோ ஆற்றங்கரைச் சாலையைப் பிடித்தேன். வழியில் லாக் என்று ஒரு பலகை. தோள் சாய்ந்த மரவீடுகள், மங்கிப்போன சீன எழுத்துகள். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் ஊர் முடிந்துவிட்டது. அங்கே உண்மையிலேயே ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை சினிமாவுக்குப் போட்ட செட்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:
இருக்கிறார்கள். எழுபது எண்பது பேர். அதில் சீனர்கள் பத்துப் பேர்வரைதான். ஒரு காலத்தில் நிரந்தரமாகவே அறுநூறு பேர் இருந்தார்கள். ஆஸ்பராகஸ் தண்டும் (நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம்) பேரிக்காயும் அறுவடைக்கு வந்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை, உங்களைப் போலத்தான், வழி தவறி. கரைச் சாலையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒற்றைத் தள வீடு மாதிரி தெரியும். பக்கத்துச் சந்தில் இறங்கினால் அதே வீடு இரண்டு தளமாக நிற்கும். மேல்தளத்தின் வாசல் ஆற்றுக்கரைக்கு, கீழ்த்தளத்தின் வாசல் தெருவுக்கு. ஊரே கரையின் முதுகில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரைகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோரும் சீனக் கூலிகள்தாம். 1860-களிலிருந்து இருபது வருடம், கோரை மண்டிய சதுப்பில் மண் வெட்டிச் சுமந்து போட்டு ஆற்றைத் தடுத்தார்கள். அப்புறம்தான் அந்த டெல்டா விளைநிலம் ஆனது.

கூப்பிடு தூரத்தில் வால்நட் குரோவ். அங்கிருந்த சீனர் குடியிருப்பு 1915 அக்டோபரில் தீப்பிடித்து எரிந்தது. குடியிருந்தவர்களில் இரண்டு வகை, இருவரும் தென் சீனாவிலிருந்து வந்தவர்கள்: தைஷான் பக்கத்துக்காரர்கள், ஜோங்ஷான் பக்கத்துக்காரர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாகப் புரியாது. சாம்பலான இடத்திலேயே தைஷான்காரர்கள் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். ஜோங்ஷான்காரர்கள், சரி, நாம் தனியாகப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். லீ பிங் என்ற வியாபாரி முன்னால் நிற்க, சிலர் சேர்ந்து போய் வடக்கே பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் லாக்கிடம் இடம் கேட்டார்கள். அவர் தோட்டத்தின் ஓரத்தில் 1912-லேயே ஒரு சீனர் கட்டடம் போட்டிருந்ததால் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. வாய்ப்பேச்சுதான். நீங்கள் வீடு கட்டிக்கொள்ளுங்கள், மனைக்கு வாடகை கொடுங்கள்.

விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க முடியாது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டார் கலிஃபோர்னியாவில் விவசாய நிலம் வாங்கக்கூடாது என்று 1913-இல் சட்டம் போட்டிருந்தார்கள். சீனர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்பது 1882-லேயே முடிவான விஷயம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் திருச்சிப் பக்கம் கோயில் அடிமனையில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். தாத்தா காலத்துச் செங்கல் எங்களுடையது, அதன் கீழே இருக்கும் மண் சாமியுடையது. வீட்டை விற்கப் போனால் வருகிறவன் முதலில் 'பட்டா இருக்கா?' என்பான். வங்கிக்குப் போனால் நாற்காலி போட மாட்டார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட அப்பா நாலு நாள் யோசிப்பார், நம்முடையது என்று நிச்சயமில்லாத இடத்தில் எவ்வளவு பணத்தைக் கொட்டுவது என்று. லாக்கில் அந்த யோசனை தொண்ணூறு வருடம் நடந்திருக்கிறது. வீடுகள் ஏன் இப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குக் காரணம் பார்த்தவுடனே தெரிந்தது.

அந்த 1913 நிலச் சட்டம் செல்லாது என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1952-இல் சொன்னது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே பட்டாவில், மனை பிரிக்காத நிலமாகக் கிடந்தது. சட்டம் போனாலும் மனை கைக்கு வரவில்லை. 1977-இல் லாக்கின் வாரிசுகள் நிலத்தை ஹாங்காங் நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள், வீட்டுக்காரர்களோடு சேர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் சாக்ரமென்டோ மாவட்டத்தின் வீட்டுவசதி முகமை தலையிட்டு நிலத்தை வாங்கி, மனையாகப் பிரித்து, 2004-இல் வீட்டுக்காரர்கள் பெயரில் எழுதிக் கொடுத்தது. அதற்குள் கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் படித்து சாக்ரமென்டோவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் எப்போதோ போய்விட்டார்கள்.

வழிப்போக்கன்:
இவ்வளவு இருக்கிறதா! நான் அறுபது மைல் வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு கேள்வி: ஊருக்கு மேயர், கவுன்சில் எல்லாம் உண்டா?

காவேரிக்கரை:
ஒன்றும் கிடையாது. நகராட்சியாகப் பதிவாகாத ஊர். பஞ்சாயத்துத் தலைவர்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை, சாக்கடை, போலீஸ் எல்லாம் மாவட்ட நிர்வாகம்தான். ஆனால் ஊர் முழுவதும் 1990-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு அங்கீகரித்த ஊருக்கு எல்லையைக் காட்ட ஒரு நகராட்சி வரைபடம் இல்லை!

சின்னப்பொண்ணு:
நான் குழந்தைகளோடு போனேன். டாய் லாய் சூதாட்டக் கூடம் இப்போது காட்சியகம். 1916-இல் திறந்து, 1951-இல் அரசு சோதனை போட்டு மூடும்வரை ஓடியிருக்கிறது. உள்ளே அரை இருட்டு, மேசைகள் அப்படியே இருக்கின்றன. என் பையனுக்குப் பிடித்தது ஃபான் டான் மேசை. சட்டைப் பித்தான்களைக் குவித்து ஒரு கிண்ணத்தால் மூடுவார்கள். எல்லாரும் பணம் கட்டியதும் கிண்ணத்தைத் தூக்கி, ஒரு குச்சியால் நான்கு நான்காக ஒதுக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதுதான் பந்தயம். நாம் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ஒத்தையா ரெட்டையா கேட்போமே, அதன் சித்தப்பா மகன். காரில் வரும்போது பையன் கடலைப் பொட்டலத்தைக் கொட்டி ஆரம்பித்துவிட்டான், எனக்குப் பன்னிரண்டு கடலை நஷ்டம்.

சூதாட்டம் என்று முகம் சுளிக்க வேண்டாம். மனைவி பிள்ளைகளை அழைத்துவரச் சட்டம் விடவில்லை. பத்து மணி நேரம் வயலில் குனிந்துவிட்டு வருகிற தனி ஆளுக்கு, தன் பாஷை பேசுகிறவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க அந்தக் கூடம்தான் இருந்தது.

சீனப் பள்ளிக்கூடத்தையும் பாருங்கள். பழைய மேசைகள் வரிசையாக இருக்கின்றன. பகலில் ஆங்கிலப் பள்ளி, சாயங்காலம் சீனப் பள்ளி. எங்கள் வீட்டுத் தமிழ் வகுப்பு ரகளைதான் ஞாபகம் வந்தது. வாசலில் சீனக் குடியரசின் தந்தை எனப்படும் சுன் யாட் சென் சிலை. அவரும் ஜோங்ஷான்காரர், இவர்களுக்குச் சொந்த ஊர்க்காரர்.

யூபா வாசி:
சீனர்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்காதீர்கள். வடக்கே யூபா சிட்டியில் பஞ்சாபி விவசாயிகளுக்கும் அதே கதி. இந்தியர்கள் 'வெள்ளையர்' கணக்கில் வரமாட்டார்கள், குடியுரிமை இல்லை என்று பகத் சிங் திந்த் வழக்கில் 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே நிலச் சட்டமும் வந்து கழுத்தில் விழுந்தது. நம்பிக்கையான வெள்ளைக்காரர் பெயரில் நிலத்தை எழுதுவது, அல்லது மெக்சிகப் பெண்ணைக் கட்டி, இங்கே பிறந்த பிள்ளைகள் பெயரில் எழுதுவது என்று சமாளித்தார்கள். 1946-இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை வாசல் திறந்தது. நம்பி எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் திருப்பித் தந்தார்கள், சிலர் தரவில்லை. அதெல்லாம் நமக்குத் தெரியாத கதையா?

லாக்கின் தங்கும் விடுதிக் காட்சியகத்தில் இன்னொரு சங்கதி உண்டு. அந்த விடுதியை நடத்தியது ஒரு ஜப்பானியக் குடும்பம். போர் வந்ததும் 1942-இல் ஜப்பானியரை எல்லாம் தடுப்பு முகாமுக்கு ஏற்றினார்கள், அவர்களும் போனார்கள். இப்படி ஒரு தெருவுக்குள் எத்தனை பேரைப் பிடுங்கி நட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

பேரிக்காய்:
இவ்வளவு கனமாகப் பேசுகிறீர்கள், ஒருவரும் சாப்பாட்டைச் சொல்லவில்லை. 1934-இல் ஓர் இத்தாலியர் திறந்த மதுக்கடை இன்னும் ஓடுகிறது. சீனர் அல்லாதவர் அந்த ஊரில் போட்ட முதல் கடை. மாட்டிறைச்சி வறுவலோடு மேசையில் கடலை வெண்ணெய் வைப்பார்கள். வேடிக்கைக்காகத் தொட்டுப் பார்த்தேன், அதற்கப்புறம் வேடிக்கையாகச் சாப்பிடவில்லை. கூரை முழுக்க ஒரு டாலர் நோட்டுகளாகக் குத்தியிருக்கும், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி.

காவேரிக்கரை:
மூன்றாவது முறை போனபோது அம்மா கூட இருந்தார். ஊரிலிருந்து வந்த முதல் ஆகஸ்ட். மதிய வெயில், தெருவில் ஓர் ஆள் இல்லை. அம்மா கேட்ட முதல் கேள்வியே "எத்தனை தலைக்கட்டு இருக்கும்?" எண்ணிப் பார்த்துவிடலாம் என்று இருவரும் நடந்தோம். பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கணக்கு வைத்தோம். தெருக்கோடி வருவதற்குள் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

வீடுகளுக்குப் பின்னால் தோட்டம். மூங்கில் கழி நட்டு, கயிறு கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். பாகல், நீளமான காராமணி. அம்மா பந்தலுக்குக் கீழே போய் நின்றுவிட்டார். உள்ளே களை பிடுங்கிக்கொண்டிருந்த சீனப் பாட்டி நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அம்மா பாகற்காயைச் சுட்டிக் காட்டி, நாக்கை நீட்டி முகத்தைச் சுருக்கினார். பாட்டி சிரித்துவிட்டார். அப்புறம் கத்தியை எடுத்து மூன்று காய் அறுத்து அம்மாவின் முந்தானையில் போட்டார்.

காரில் ஏறியதும் அம்மா, "அந்தம்மாவுக்கு மனை அவங்க பேருக்கு வந்துடுச்சாடா?" என்றார். 2004-இலேயே வந்திருக்கும் என்றேன். "அதான் பந்தல் இவ்வளவு அழுத்தமா போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு, காய்களை மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் அதைத்தான் பிட்லை வைத்தோம். நம் ஊர்க் காயைவிடக் கசப்பு கம்மி.