த்ரெட் போட்டால் மட்டும் லேத் கியர் உறுமுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கிடக்கும் என் பழைய நாலரை அடி லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஒரு குழப்பம். சாதாரண டர்னிங்கில் சத்தமே இல்லை, த்ரெட் (மரை) போட லீட் ஸ்க்ரூவை, அதாவது வெட்டும் டூலை நகர்த்தும் நீளத் திருகை, ஓட்டினால் மட்டும் ஒரே உறுமல், நடுவில் சுற்றுக்கு ஒரு தடவை ‘டொக்’. பல் தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த ஸ்க்ரூவை ஓட்டும் கியர்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வெர்னியர் வைத்து அளந்தால், 40 பல் கியரின் வெளிவிட்டம் 66.6 மி.மீ., பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி 42ஆல் வகுத்தால் 1.586, அதாவது 16 டிபி (டயமெட்ரல் பிட்ச், அங்குலக் கணக்கில் பல் அளவு). பிற்பாடு பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டிய 45 பல் கியரோ 70.5 மி.மீ., 47ஆல் வகுத்தால் கச்சிதமாக 1.5 மாட்யூல் (மி.மீ. கணக்கில் பல் அளவு)! இரண்டும் எப்படிச் சேரும்? பற்கள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கூராகியிருக்கின்றன. அளக்காமல் வாங்கிய பாவம் என்னுடையதுதான்.

சரி, 16 டிபியில் 45 பல் புதிதாக வெட்டச் சொல்லப்போகிறேன். ஆனால் பழையதன் பிரஷர் ஆங்கிள் (பல் பக்கத்தின் சாய்வுக் கோணம்) 14.5 டிகிரியா 20 டிகிரியா என்று கேஜ் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? தேய்ந்த 40 பல்லையும் சேர்த்தே மாற்றணுமா? அப்புறம் அந்த ‘டொக்’... ஒரு பல்கூட உடையவில்லை, கையால் சுற்றினால் ஒரே இடத்தில் இறுகுகிறது. ஷாஃப்ட் கோட்டமா, புஷ் (ஷாஃப்ட் சுழலும் உலோக வளையம்) தேய்மானமா?