அமிலநீக்கமா, அமிலமுறிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய அச்சு நூல்களின் தாளில் ஊறியிருக்கும் அமிலத்தை அடக்கும் பணிக்கு (ஆங்கிலத்தில் deacidification) ‘அமிலநீக்கம்’ என்ற தமிழ்ச் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. கேட்டவுடன் விளங்கும் சொல்தான். ஆனால் அங்கே நடப்பது நீக்கம் அன்று என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கந்தல் துணியின் இடத்தை மரக்கூழ் பிடித்தது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் ஈரப்பதத்தோடு கூடி அமிலமாகி, தாளுக்கு வலுவூட்டும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் அறுத்துக்கொண்டே வருகிறது. அண்மையில் 1920களில் அச்சான ஒரு நூலைப் புரட்டியபோது பக்கத்தின் மூலை என் விரல்நுனியிலேயே தங்கிவிட்டது. அந்தத் துணுக்கில், அமிலத்தை நிறத்தால் காட்டும் சோதனைப் பேனாவால் கோடிட்டேன். அமிலம் இல்லையென்றால் ஊதாவாகத் தெரிந்திருக்க வேண்டிய கோடு மஞ்சளாக நின்றது.

இத்தகைய தாளைக் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைக்கிறார்கள். அல்லது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் செய்ததுபோல, நுண்ணிய மக்னீசியம் ஆக்சைடு துகள்களை ஏடுகளில் படியவைக்கிறார்கள். நீரில் அலசும்போது கரைந்துபோகும் பங்கைத் தவிர, அமிலத்தை யாரும் வெளியே எடுப்பதில்லை. அமிலத்துக்கு எதிரான இந்தக் காரப் பொருள்களைக் கொண்டு அதன் வீரியத்தை முறிக்கிறார்கள். நஞ்சை முறிக்கும் மருந்துக்கு ‘நச்சுமுறி’ என்று பெயரிட்ட மொழிக்கு ‘அமிலமுறிப்பு’ அயலாக இராது.

பள்ளி வேதியியலில் பழகிய ‘நடுநிலையாக்கல்’ போதுமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. தாளை நடுநிலையில் நிறுத்திவிட்டால், காற்றிலிருந்தும் தாளுக்குள்ளிருந்தும் இனி வரும் அமிலம் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே வேண்டுமென்றே சற்று மிகுதியான காரத்தை இழைகளில் விட்டுவைக்கிறார்கள். அந்த மிகுதிக்குக் ‘காரக் கையிருப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘முறிப்பு’ என்றதும் தாள் ஒடிவது நினைவுக்கு வரும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால் தாளின் நிலையைக் குறிக்க ‘முறிவு’ என்பதைத் தவிர்த்து, ‘நொறுங்குநிலை’ என்றே எல்லா இடத்திலும் ஆளலாம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன்: பதிவேடுகளில் இப்பணியைப் ‘புதுப்பித்தல்’ என்று எழுத வேண்டாம். அமிலமுறிப்பு சிதைவின் வேகத்தைக் குறைக்குமே தவிர, அறுந்த சங்கிலிகளை ஒட்டாது. நொறுங்குநிலையை எட்டிவிட்ட நூலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளால் வலுவூட்டுவதும், நுண்படமாகவோ எண்ணிம வடிவிலோ படியெடுப்பதும் தனிப் பணிகள். அவற்றுக்குத் தனிப் பெயர்களே வேண்டும்.