மறுமொழி: எச்.ஆர்.சி.டி.க்குத் தமிழ்? வெள்ளிக்குள் வேண்டும்

நோயாளிகளுக்கான நெஞ்சுப் பரிசோதனைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எக்ஸ்-ரேயும் அல்ட்ராசவுண்டும் எல்லாருக்கும் தெரியும். சிக்கல் நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி.யிலும், நுரையீரல் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. நுரையீரல் ஆஞ்சியோவிலும்; இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும். முன்னதில் ஊசி கிடையாது; ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் படம். பின்னதில் முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, விநாடிக்கு 4-5 மில்லி அயோடின் மருந்து. இரண்டையும் ‘ஸ்கேன்’ என்றால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமலே ஊசிக்கு வந்து நிற்பார்.

> நுண்வெட்டு வரைவு?

‘வெட்டு’ வேண்டாம் ஐயா. ஒப்புதல் படிவத்தில் பார்த்ததுமே “ஆபரேசனா?” என்பார்கள். ‘வாளால் அறுத்துச் சுடினும்’ என்று பாடிய குலசேகராழ்வார் காலத்திலிருந்தே மருத்துவன் அறுத்துச் சுடுகிறவன்தான். கீறு, கீற்று, மாங்காய்க் கீற்று போல ‘நுண்கீற்றுப்படம்’.

> நுண்கீற்றுப்படம்

எங்கள் பக்கம் கீற்று கொட்டகை வேயத்தான். ‘ஏடு’ பாருங்கள்: பாலேடு, பனையேடு. மெல்லியது, அடுக்கத் தக்கது. ஏடுகளை அடுக்கினால் சுவடி, இந்தப் படங்களை அடுக்கினால் நெஞ்சு. சி.டி.யின் ‘டி’யான டோமோகிராஃபியில் உள்ள கிரேக்க ‘டோமோஸ்’ துண்டத்தையும் குறிக்கும், நூலின் தொகுதியையும் குறிக்கும். ஏடும் அப்படியே!

> ஏடும் அப்படியே!

“ஏட்டுப்படம் எடுத்துட்டு வாங்க” என்றால் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவைப் படம் பிடித்து வருவார்கள்.

பெயர் எதுவானாலும் மூச்சுக் குறிப்பை ஒழுங்காக எழுதுங்கள். எச்.ஆர்.சி.டி.க்கு மூச்சை நிறைய இழுத்து அடக்க வேண்டும். தேவைப்பட்டால் வெளிவிட்டும் ஒருமுறை எடுப்பார்கள். நல்ல நுரையீரல் அப்போது படத்தில் வெளுக்கும், காற்று அடைபட்ட இடம் கருப்பாகவே நிற்கும். ஆஞ்சியோவில் அப்படி ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் குபுக்கென்று இதயத்துக்கு ஏறும். நுரையீரல் தமனியில் மருந்து நீர்த்துவிடும். ரத்தக்கட்டி உண்டா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாது. அளவாக அடக்கினால் போதும்.

> ஆஞ்சியோ

நாளப்படம்.

> நாளப்படம்.

நாளம் வடசொல்.

> நாளம் வடசொல்.

நாழி தமிழ்தானே? உள்துளை உள்ளது நாழி. அதன் வழி வந்ததே நாளம் என்பாரும் உண்டு.

> வெள்ளிக்குள் வேண்டும்

ஆட்சேபம் குறைவானது இதுதான்: ‘ஊசியில்லா நுண்படச் சி.டி.’, ‘ஊசிமருந்து நுரையீரல் நாளச் சி.டி.’ வெறும் ‘ஊசி சி.டி.’ என்று சுருக்காதீர்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சாதாரணக் கான்ட்ராஸ்ட் சி.டி.க்கும் ஊசி உண்டு, படமெடுக்கும் நேரம்தான் வேறு. பக்கத்திலேயே எச்.ஆர்.சி.டி. என்றும் போடுங்கள், மருந்துச் சீட்டில் அப்படித்தான் இருக்கும்.

> ஆட்சேபம் குறைவானது

சி.டி. அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒரு ஆட்சேபமும் இல்லை! என் ஓட்டு ஏட்டுக்கே. ஏட்டையா வந்தால் வரட்டும்.