அரை அயர்ன்மேன் பயிற்சிக்கு நடுவே குறுந்தூரப் போட்டிகள்

கேள்வி:
இன்னும் 14 வாரங்களில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட அரை அயர்ன்மேன் டிரையத்லானில் முதன்முறையாகப் பங்கேற்க இருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் ஒரு ஸ்பிரிண்ட் (ஒலிம்பிக் தூரத்தில் சுமார் பாதி) போட்டியும் ஒன்பதாவது வாரத்தில் ஓர் ஒலிம்பிக் தூரப் போட்டியும் வருகின்றன; இவற்றால் நீண்ட பயிற்சிகள் தடைப்படுமா?

பதில் 1:
ஸ்பிரிண்டை அந்த வாரத்தின் கடினமான பயிற்சியாகவே எடுத்துக்கொண்டு, முந்தைய நாள் மட்டும் இலகுவாக இருங்கள். ஒலிம்பிக் தூரம் அப்படியல்ல: 1.5 கி.மீ. நீந்தி, 40 கி.மீ. மிதித்து, 10 கி.மீ. முழு மூச்சாக ஓடிய பிறகு கால்கள் தேறச் சில நாட்களாவது ஆகும் என்பதால், முதன்மைப் போட்டிக்கு ஐந்து வாரம் முன்பாக அது வருவது உங்களுக்கு நல்வாய்ப்பே.

பதில் 2:
கூட்டத்தோடு திறந்த நீரில் நீந்துவதையும், டிரான்சிஷனில் (ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு மாறும் இடத்தில்) பதறாமல் இருப்பதையும் நீச்சல் குளத்தில் கற்க முடியாது. அதற்காகவே இரண்டிலும் பங்கேற்கலாம். ஆனால், அங்கே கிடைத்த சைக்கிள் வேகத்தை நம்பி 90 கி.மீ. மிதிக்காதீர்கள். நான் அப்படி மிதித்துவிட்டு, ஓட்டத்தின் பிற்பாதி முழுவதையும் நடந்தே கடந்தேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்பிரிண்டுக்கு மறுநாள் நீண்ட சைக்கிள் பயிற்சி செய்யலாமா?

பதில் 1:
இலகுவான வேகத்தில் செய்யலாம். அன்று ஓட்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.