சிறு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும்: கணக்கு எங்கே இடறுகிறது?

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொன்னால் குறுகிய தடங்களில் கட்டாயம் தவறும். 300 கி.மீ. வான்வழித் தூரத்துக்கு ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (புரொப்பெல்லர் சுழலும் விமானம்), மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் என்று எடுத்தால் 36 நிமிடம் வரும். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

16,000 அடிக்கு ஏறவே ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும், அதுவும் குறைந்த வேகத்தில். இறங்குவதற்கு 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. அப்படியானால் 48 கடல் மைல், அதாவது 89 கி.மீ. மொத்தத் தூரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது! முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். ஜெட்டில் போனாலும் இந்தத் தூரத்தில் பத்து நிமிடம் மிச்சமானால் அதிகம்.

*

தூரமே தப்பாக வருவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் ஆயத்தொலைவு, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். 10 பாகை (டிகிரி) 30 கலையை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) 10.30 என்று உள்ளிடுகிறார்கள். சரியான எண் 10.5, கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். அந்த 0.2 பாகை வடக்கு-தெற்கில் 12 கடல் மைல், 22 கி.மீ. பிசகு. ஊரின் மையப்புள்ளியை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் புள்ளியையே எடுங்கள். விடை கடல் மைலில் வந்தால் 1.852-ஆல் பெருக்கினால் கி.மீ.

*

தரையில் போகும் நேரத்தையும் சேருங்கள். அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை. பல சிறு நிலையங்களில் ரன்வேக்கு இணையாக டாக்ஸிவே (விமானம் தரையில் உருண்டு போகும் தனிப் பாதை) கிடையாது. ரன்வேயிலேயே கடைசிவரை உருண்டுபோய்த் திரும்பி நின்றுதான் புறப்பட வேண்டும். 2 கி.மீ. நீளத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடக்க 4 நிமிடம். அதற்குள் வேறொரு விமானம் இறங்க வந்துவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

காற்றை எதிர்த்தே இறங்குவார்கள் என்பதால், சில நாள் நிலையத்தைத் தாண்டிச் சுற்றிவந்து மறுமுனையிலிருந்து இறங்க நேரும்.

*

மேலே வீசும் காற்று போகும்போது எதிர்த்தால் வரும்போது ஈடுகட்டிவிடும் என்று நினைப்பது தவறு. 500 கி.மீ. தூரம், 500 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று: எதிர்க்காற்றில் 75 நிமிடம், பின்காற்றில் 50. மொத்தம் 125, காற்றில்லாவிட்டால் 120. மெதுவான விமானத்தை இது இன்னும் அதிகமாகப் பாதிக்கும்.

புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும். நேர மண்டலம் மாறினால் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகே கழியுங்கள்.