ஆஃப் பாயில் சாண்ட்விச்: வெள்ளை வேகவில்லை, மஞ்சள் ஒழுகுகிறது, பிரெட் ஊறிப்போகிறது. உதவுங்கள்

கோவைத் தங்கை

வணக்கம். என் அக்கா மருத்துவமனையில் நைட் டூட்டி பார்க்கிறாள். காலை எட்டரை வாக்கில் வீட்டுக்கு வருவாள். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு இட்லி, தோசை எதுவும் இறங்காது. ஆஃப் பாயில் வைத்த பிரெட் சாண்ட்விச்சும் சூடாக ஒரு டம்ளர் டீயும் கொடுத்தால் போதும், முகமே மாறிவிடும். சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். அவளுக்காக இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்கு வரும் சிக்கல் இதுதான். முட்டையின் ஓரம் சிவந்து ரப்பராகிவிடுகிறது, ஆனால் மஞ்சளைச் சுற்றியுள்ள வெள்ளை வழவழவென்று பச்சையாகவே நிற்கிறது. அது வேகட்டும் என்று விட்டால் மஞ்சள் இறுகிப்போகிறது. அடுத்தது, அடியில் வைக்கும் பிரெட் ஐந்து நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. முதல் கடியிலேயே மஞ்சள் முழுக்க மணிக்கட்டு வரை வழிகிறது.

இரும்பு தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டுச் செய்கிறேன். பக்கத்து பேக்கரி மில்க் பிரெட். மேலே வெங்காயம், தக்காளி, உப்பு, மிளகுத்தூள். என்ன மாற்ற வேண்டும்?

இரும்புக்கல்

சில கேள்விகள். கல் தட்டையா, குழியா? தீ எப்படி வைக்கிறீர்கள்? முட்டையை உடைத்து ஊற்றியதும் வெள்ளை எவ்வளவு தூரம் ஓடுகிறது? முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வருகிறதா?

கோவைத் தங்கை

தட்டையான கல், வீட்டில் தோசை வார்க்கும் அதே கல். தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளை தண்ணீராக ஓடி உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பரவிவிடும். முட்டை மொத்தமாக ட்ரேயில் வாங்குவது, சமையலறை மேடையிலேயே இருக்கும். ஃப்ரிட்ஜில் இடமில்லை.

நாமக்கல்காரன்

பாதிச் சிக்கல் அந்த ட்ரேயில்தான் இருக்கிறது தங்கச்சி. முட்டை வெள்ளை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மஞ்சளை ஒட்டிக் கெட்டியாக ஒரு பகுதி, அதற்கு வெளியே நீர்த்த ஒரு பகுதி. புது முட்டையில் கெட்டிப் பகுதி அதிகம், அதனால் உடைத்து ஊற்றினால் குவிந்து நிற்கும். நாளாக ஆக ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி, வெள்ளையின் காரத்தன்மை கூடி, கெட்டிப் பகுதி நீர்த்துப்போகும். கோடையில் மேடையில் வைத்திருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நீர்த்த பகுதி கல்லில் காகிதம் போல மெல்லியதாகப் பரவுவதால் உடனே வெந்து கருகுகிறது. நடுவில் மிச்சமிருக்கும் கெட்டிப் பகுதி உயரமாக இருப்பதால் சூடு மேலே வரை போவதில்லை. உங்களுக்கு நடப்பது இதுதான்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. நிமிர்ந்து நின்றால் பழசாகிவிட்டது. வேகவைக்கவும் ஆம்லெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மிதந்தால் வேண்டாம். ஆஃப் பாயிலுக்கென்று வாரத்துக்கு ஆறு முட்டை தனியாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த அளவுக்கு இடம் எப்படியாவது ஒதுக்குங்கள்.

பழைய முட்டைதான் கையில் இருக்கிறது என்றால் டீ வடிகட்டியில் உடைத்து ஊற்றி லேசாக ஆட்டுங்கள். நீர்த்த வெள்ளை கீழே வடிந்துவிடும். கெட்டிப் பகுதியும் மஞ்சளும் மட்டும் கல்லுக்குப் போகும். ஓரம் கருகவே கருகாது.

இரும்புக்கல்

அவர் சொன்னது சரி. அதோடு சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை சுமார் 62 டிகிரி செல்சியஸில் இறுக ஆரம்பிக்கும், ஆனால் நன்றாகக் கெட்டியாக 80 டிகிரி வேண்டும். மஞ்சளோ 65இல் தடித்து 70இல் உறைந்துவிடும். மஞ்சளுக்குத் தேவையான சூடு குறைவு, வெள்ளைக்கு அதிகம். அடியிலிருந்து மட்டும் சூடு கொடுத்துக் காத்திருந்தால், மேல் வெள்ளை வேகும்போது மஞ்சளும் இறுகித்தான் இருக்கும்.

அதனால் மஞ்சளைச் சுற்றிய கெட்டி வெள்ளையைக் கல்லுக்கு இறக்கிவிட வேண்டும். முட்டையை ஊற்றி அடி பிடித்ததும், ஸ்பூன் நுனியால் மஞ்சளை ஒட்டினாற்போல் அந்த வெள்ளையை நாலைந்து இடத்தில் மெதுவாகக் கீறிவிடுங்கள். மேலே திரண்டு நின்றது வழிந்து சூடான கல்லைத் தொடும், தொட்டதும் வெளுக்கும். மஞ்சளில் மட்டும் ஸ்பூன் படக்கூடாது. எனக்குத் தெரிந்து இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும் கைப்பக்குவம்.

தோசைக்கல்லையே முட்டைக்கும் வைக்காதீர்கள். மறுநாள் தோசை கல்லை விட்டு வராது. சின்னதாக, நடுவில் லேசாகக் குழிந்த இரும்பு வாணலி ஒன்றை முட்டைக்கென்று பழக்குங்கள். குழியில் வெள்ளை ஓடாது, வட்டமாக நிற்கும், பிரெட்டுக்குள் அளவாக அடங்கும்.

மூடி போடு

இவ்வளவு வேண்டாம் சகோதரி. முட்டையை ஊற்றுங்கள், ஓரம் வெளுத்ததும் கல்லின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள், தீயைச் சிம்மில் வையுங்கள். முக்கால் நிமிடத்தில் ஆவியிலேயே மேல் வெள்ளை வெந்துவிடும்.

பரோட்டாக்கடை அனுபவம்

மூடினால் மஞ்சள்மேல் வெள்ளையாக ஒரு படலம் படரும். சாப்பிட ஒன்றும் குறையில்லை, ஆனால் அந்தப் பளபளப்பு போய்விடும். கடையில் நாங்கள் மூட மாட்டோம். பெரிய கல்லில் நடுவில் சூடு அதிகம், அங்கே பரோட்டா. ஆஃப் பாயில் எப்போதும் ஓரத்தில்தான், சூடு குறைந்த இடத்தில். முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகச் சரிப்போம். உயரத்திலிருந்து விட்டால் மஞ்சள் உடையும். ஒரு ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விட்டு, அந்தச் சூடான எண்ணெயைத் தோசைத்திருப்பி நுனியால் வெள்ளைமேல் மட்டும் தள்ளிவிட்டால் அதுவும் வெந்துவிடும். மிளகுத்தூளை இறக்கும்போது தூவுங்கள். முன்பே தூவினால் எண்ணெயில் கருகிக் கசக்கும்.

கடையில் ஆஃப் பாயிலை உடைக்காமல் அப்படியே எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள், அதனால் ஒழுகும் பேச்சே இல்லை. சாண்ட்விச் என்று வந்துவிட்டால் அதே ஆஃப் பாயில் சரிப்படாது. ஒரு பக்கம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, முட்டையைத் திருப்பிப் போட்டு இருபது, முப்பது எண்ணி எடுங்கள். உள்ளே மஞ்சள் தேன் பதத்தில் தடித்து நிற்கும். கடித்தால் மெதுவாக இறங்கும், கையில் ஓடாது.

கோவைத் தங்கை

திருப்பும்போது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா. அக்காவுக்கு மஞ்சள் கொஞ்சம் ஓட வேண்டும், அதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

பரோட்டாக்கடை அனுபவம்

அப்படியென்றால் திருப்ப வேண்டாம். முட்டையைக் கீழ் பிரெட்டில் வைத்த பிறகு, மேல் பிரெட்டை மூடுவதற்கு முன்னால், நீங்களே கத்தி நுனியால் மஞ்சளில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். பாதி மஞ்சள் வெள்ளைமேல் பரவும், மேல் பிரெட் அதை வாங்கிக்கொள்ளும். மூடிய மஞ்சளைப் பல்லால் அழுத்தும்போதுதான் பீய்ச்சி அடிக்கிறது. அப்புறம் சாண்ட்விச்சை நடுவில் வெட்டாதீர்கள், முழுதாகக் கொடுங்கள். கீழ்ப்பாதியை ஒரு டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தால் நின்றுகொண்டே கூடச் சாப்பிடலாம்.

டோஸ்ட் பைத்தியம்

பிரெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஊறிப்போவதற்கு மஞ்சளைவிட ஆவிதான் பெரிய காரணம். சூடான டோஸ்ட்டைத் தட்டில் படுக்கவைத்தால் அடியில் ஆவி தண்ணீராகி நிற்கும். தட்டைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். டோஸ்ட் செய்ததும் இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் கூரை மாதிரி நிற்கவையுங்கள், இல்லையென்றால் அப்பளம் வடியவைக்கும் கம்பி வலைமேல் வையுங்கள். ஒரு நிமிடம் போதும்.

மில்க் பிரெட்டில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும். வெளியே நிறம் வந்துவிட்டது என்று எடுத்தால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தீயைக் குறைத்து நிதானமாகச் சுடுங்கள். முட்டை படப்போகிற உள்பக்கத்தை நன்றாகவும் வெளிப்பக்கத்தை லேசாகவும் சுட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். உள்பக்கம் மொறுமொறுவென்று இருந்தால் மஞ்சளைத் தாங்கும், வெளிப்பக்கம் மெத்தென்று இருந்தால் மேலண்ணத்தைக் கீறாது.

டோஸ்ட் ஆனதும் உள்பக்கம் நாலு ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். நடுவில் ஒரு வில்லை வைத்து விட்டுவிடாதீர்கள். கொழுப்புப் படலம் இருக்கும் இடத்தில் ஈரம் அவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்காது. சீஸ் ஸ்லைஸ் இருந்தால் கீழ் பிரெட்டுக்கும் முட்டைக்கும் நடுவில் வையுங்கள், அதுவும் தடுப்பு.

தக்காளி பிரெட்டைத் தொடவே கூடாது. வட்டமாக நறுக்கி விதைக்குழம்பை எடுத்துவிட்டு, துணியில் ஒற்றி, முட்டைக்கு மேலே வையுங்கள். உப்பை வெங்காயம், தக்காளிமேல் போட்டால் தண்ணீர் விடும். முட்டைமேல் மட்டும் போடுங்கள்.

தேனி அம்மா

கண்ணு, தக்காளி வெங்காயமே வேண்டாம் என்பேன். ராத்திரி கண்விழித்து வந்தவளுக்குப் பச்சை வெங்காயம் வயிற்றைப் புரட்டும். வெண்ணெய் தடவிய பிரெட்டில் இட்லிப் பொடி ஒரு டீஸ்பூன் தூவி, அதன்மேல் முட்டையை வைத்துக் கொடு. பொடி வெண்ணெயோடு சேர்ந்து மணக்கும். வழிகிற மஞ்சளையும் அந்தப் பொடி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பூண்டுப் பொடி என்றால் இன்னும் ருசி. பொடியில் உப்பு இருக்கும், முட்டைக்கு உப்பைக் குறைத்துக்கொள்.

அவள் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகு முட்டையை ஊற்று. பிரெட்டை முன்னாலேயே சுட்டு வைக்கலாம், முட்டையை முன்னால் செய்து வைத்தால் எந்தப் பக்குவமும் நிற்காது.

பள்ளிக்கூட டிபன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இதே சாண்ட்விச்சைப் பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கொடுக்கலாமா? 12 மணிக்குத்தான் சாப்பிடுவான்.

இரும்புக்கல்

ஓடும் மஞ்சளோடு வேண்டாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. முட்டை முழுக்க 71 டிகிரி வரை சூடானால்தான் பாதுகாப்பு. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் எல்லோருக்கும் ஃபுல் பாயில்தான். தவிர, சமைத்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது சரியில்லை. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. காலையில் கட்டி மதியம் சாப்பிடுவதற்கு இது ஏற்ற உணவே இல்லை. பையனுக்கு வீட்டில், காலைச் சாப்பாடாக, மஞ்சளை உடைத்துவிட்டு இரண்டு பக்கமும் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

தங்கச்சி, நீங்களும் இதைக் கவனியுங்கள். ஓட்டில் விரிசல் விட்ட முட்டையை ஆஃப் பாயிலுக்கு எடுக்காதீர்கள். முட்டை உடைத்த கையைக் கழுவிவிட்டுப் பிரெட்டைத் தொடுங்கள்.

பள்ளிக்கூட டிபன்

நன்றி. சனி ஞாயிறு காலையில் வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன்.

கோவைத் தங்கை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செய்த விவரம். முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ட்ரேயில் இருந்ததில் பெரும்பாலானவை நிமிர்ந்து நின்றன. கடைக்குப் போய்ப் புது முட்டை வாங்கி வந்தேன். தாளிக்க வைத்திருந்த சின்ன இரும்பு வாணலியில் ஊற்றினேன். வெள்ளை ஓடவே இல்லை. ஸ்பூன் நுனியால் கீறிவிட்டது அருமையாக வேலை செய்தது: கண்ணாடி மாதிரி இருந்த இடம் கண்ணெதிரே வெளுத்தது. மூடி போடவில்லை.

பிரெட்டின் உள்பக்கத்தை நன்றாகச் சுட்டு, சாய்த்து வைத்து, வெண்ணெய், அம்மா சொன்ன இட்லிப் பொடி. மஞ்சளைக் கீறிவிட்டு மூடினேன். அக்கா இரண்டாவது கேட்டாள். கடைசி வாய் வரை கீழ் பிரெட் மொறுமொறுப்பாகவே இருந்தது என்றாள்.

வாணலியில் நடுவில் மட்டும் கொஞ்சம் ஒட்டுகிறது. அதற்கு என்ன செய்யலாம்? இன்னொன்று, மீதி பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன், வறண்டுபோய் உதிர்கிறது.

இரும்புக்கல்

வாணலி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். சோப்பு போட்டுத் தேய்க்காமல் வெந்நீரில் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிப் புகை வரும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். சில தடவை இப்படிச் செய்தால் கறுத்துப் பளபளப்பாகும். முட்டை ஊற்றும்போது வாணலி சூடாகி, பிறகு எண்ணெய் சூடாகி, அதன் பின்தான் முட்டை. ஊற்றியதும் தோசைத்திருப்பியை உள்ளே விடாதீர்கள். அடி வெந்ததும் தானே விட்டுக்கொடுக்கும்.

டோஸ்ட் பைத்தியம்

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறளும். அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகிவிடும். இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்றால் மூடிய டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள்தான், பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீஸரில் போட்டுவிட்டு, காலையில் வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராகக் கல்லில் சிம்மில் வைத்துச் சுடலாம். உறைந்த துண்டுக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும்.